விலை கொடுத்து வாங்கினால் வேவு ஆகாதா?

பிறர் வீட்டுச் சுவரின்மேல் ஏறி உள்ளே எட்டிப் பார்ப்பது கூடாது என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பதும் கூடாது. ஆனால் அந்த வீட்டில் வேலை செய்யும் ஒருவனுக்குப் பணம் கொடுத்து, எசமானர் எத்தனை மணிக்கு எழுந்தார், எங்கே போனார், எந்தப் பள்ளியில் தொழுதார், இரவு யார் வீட்டில் தங்கினார் என்பதையெல்லாம் நாள்தோறும் எழுதி வாங்கிக்கொண்டால் அதை என்னவென்று சொல்வது? சுவர் ஏறவில்லை. கடிதம் பிரிக்கவில்லை. ஒருவன் மனமொப்பி விற்றான், மற்றவன் விலை கொடுத்து வாங்கினான். இது வேவா, வியாபாரமா?

இது வீண் கற்பனைக் கேள்வி அன்று. 2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் வைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ‘மதர்போர்டு’ என்னும் செய்திப் பிரிவு ஒரு விஷயத்தை வெளியிட்டது. ‘முஸ்லிம் புரோ’ என்ற பெயரை நம் வாசகர்கள் அறிவார்கள். தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் செல்போனில் காட்டும் செயலி; சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று உருவாக்கியது. அப்பொழுதே 9 கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் அது இறக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்துவோர் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் ‘எக்ஸ்-மோட்’ என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்நிறுவனத்துக்குத் தொழிலே இத்தகைய விவரங்களைத் திரட்டி விற்பதுதான். அதனிடம் வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்து கொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களும் இருந்தன.

நடந்ததை நடந்தபடி சொல்வது நம்மீது கடமை. ராணுவத்துக்குத் தாங்கள் நேரே எதையும் விற்கவில்லை என்று செயலி நிறுவனம் மறுத்தது. எக்ஸ்-மோடுடன் இருந்த தொடர்பையும் உடனே முறித்துக்கொண்டதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிள், கூகுள் ஆகிய இரு நிறுவனங்களும் எக்ஸ்-மோடின் நிரலைத் தங்கள் கடைகளிலுள்ள செயலிகளிலிருந்து அகற்றும்படி கட்டளையிட்டன. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2021 ஜனவரியில் ‘ஸலாத் ஃபர்ஸ்ட்’ என்னும் மற்றொரு தொழுகைச் செயலியும் பயனாளிகளின் இருப்பிடத்தை ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தது தெரிய வந்தது. ஆகவே இது ஒரு செயலியின் குற்றம், ஒரு நிறுவனத்தின் சறுக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. தொழிலே இப்படித்தான் அமைந்திருக்கிறது. செயலியை நமக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதனுள் வேறொரு நிறுவனத்தின் சிறு நிரலைச் செருகிக்கொள்ள இடம் கொடுத்தால் அதற்கு மாதாமாதம் பணம் வருகிறது. அந்தச் சிறு நிரல்தான் நாம் முன்னே சொன்ன வீட்டு வேலைக்காரன்.

இங்கே ஒரு கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தொழுகை நேரத்தைக் கணிக்க, தொழுபவர் எங்கே இருக்கிறார் என்பது தெரிய வேண்டும். அது மறுக்க முடியாத உண்மை. ஆனால் எவ்வளவு தெரிய வேண்டும்? பூமி தன்னைத்தானே சுற்றி வர 24 மணி நேரம் ஆகிறது. ஆகவே தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிட வித்தியாசம் வருகிறது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே மூன்றேகால் பாகை இருப்பதால், தீர்க்கரேகைக் கணக்கில் மட்டும் 13 நிமிடம் தள்ளிப் போகிறது. ஒரு நிமிடத்துக்குள் வக்து சரியாக இருக்க வேண்டுமானால் கால் பாகை அளவுக்கு இடம் தெரிந்தால் போதும். கிழக்கு மேற்காக அது 25 கிலோமீட்டருக்கும் அதிகம். அதாவது ஊரின் பெயர் தெரிந்தால் போதும். தெருப் பெயர் தேவையில்லை. நம் பள்ளிவாசல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் நேர அட்டவணை ஊர் முழுவதற்கும் ஒன்றாக இருப்பதே இதற்குச் சாட்சி. கிப்லாவும் அப்படித்தான். சென்னையிலிருந்து கஃபாவின் திசை நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. திருவொற்றியூரில் நின்றாலும் தாம்பரத்தில் நின்றாலும் அதில் ஒரு பாகைகூட மாறாது. திசையைக் காட்டும் காந்தமுள் செல்போனுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் செயலி கேட்டதோ, எந்த வீட்டில், வீட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரியுமளவு நுட்பமான இடம். அதுவும் ஒரு தடவை அல்ல. நாம் செயலியைத் திறக்காதபோதும் அது கேட்டுக்கொண்டே இருக்க முடியும். வக்தைக் கணிப்பதற்கு இது எவ்விதத்திலும் தேவைப்படுவதில்லை. நிர்ப்பந்தத்தால் அனுமதிக்கப்பட்டது நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டக்கூடாது என்பது நம் ஃபிக்ஹு நூல்களைத் திறக்கும் மாணவன் முதலாண்டிலேயே படிக்கும் விதி. வைத்தியர் நோயாளியின் உடலில் நோயுள்ள இடத்தைப் பார்க்கலாம், அதற்கு அப்பால் பார்க்கக்கூடாது என்று அந்த விதிக்கு உதாரணம் சொல்வார்கள். நேரம் சொல்ல வந்தவன் நேரத்துக்கு வேண்டியதைத் தாண்டிப் பார்த்தால் அவனும் அந்த வைத்தியனைப் போன்றவனே.

பெயர் கொடுக்கவில்லையே, எண் மட்டுந்தானே போகிறது என்று இத்தொழிலில் உள்ளவர்கள் சமாதானம் சொல்வதுண்டு. ஒவ்வொரு செல்போனுக்கும் விளம்பரத்துக்கென ஒரு எண் இருக்கிறது; இடம், நேரம், அந்த எண், இவ்வளவுதான் விற்கப்படுகிறது என்கிறார்கள். ஆனால் இரவு பத்து மணி முதல் பஜ்ரு வரை ஒரு செல்போன் எந்த வீட்டில் இருக்கிறதோ, அது அந்த வீட்டுக்காரருடையது என்று அறிய மேதாவி தேவையில்லை. பஜ்ருக்கு எந்தப் பள்ளிக்குப் போயிற்று, ஒன்பது மணிக்கு எந்த அலுவலகத்துக்குப் போயிற்று, வெள்ளிக்கிழமை எங்கே நின்றது என்று தொடர்ந்து பார்த்தால் பெயர் தானே வந்துவிடும்.

இனி ஷரீஅத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம். திருக்குர்ஆனின் 49-ஆவது அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆவது வசனத்தில் அல்லாஹ் தஆலா மூன்று காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாக விலக்குகிறான். முதலில் தீய எண்ணம். அடுத்து துருவித் தேடுவது. அதன்பின் புறம் பேசுவது. இவ்வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒருவரைப் பற்றித் தவறாக நினைத்த மனம் அதற்கு ஆதாரம் தேடிப் புறப்படுகிறது. கிடைத்ததை நாலு பேரிடம் சொல்கிறது. நடுவில் நிற்கும் தஜஸ்ஸுஸ் என்னும் அந்தத் துருவுதல் இல்லையென்றால் சந்தேகம் மனத்தோடு செத்துப் போகும். அதனால்தான் பேச்சை விலக்கியதோடு விடாமல், தேடலையும் விலக்கியிருக்கிறான் இறைவன்.

பார்வைக்கும் அனுமதி வேண்டும் என்பதை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வீட்டு வாசலிலேயே காண்கிறோம். ஒரு மனிதர் கதவின் துவாரம் வழியே அவர்களுடைய அறைக்குள் பார்த்தார். நாயகம் அவர்களின் கையில் அப்பொழுது தலை கோதும் இரும்புச் சீப்பு ஒன்று இருந்தது. அவர் பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் அச்சீப்பினாலேயே கண்ணில் குத்தியிருப்பேன் என்று கடிந்துகொண்டு, நுழைய அனுமதி கேட்க வேண்டும் என்ற சட்டமே கண்ணை முன்னிட்டுத்தான் என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது. இதைவிடவும் நம் விஷயத்துக்கு நெருக்கமானது ஸூரத்துந் நூரின் 58-ஆவது வசனம். பஜ்ருக்கு முன்பும், பகலில் ஆடை களைந்து ஓய்ந்திருக்கும் வேளையிலும், இஷாவுக்குப் பின்பும் வீட்டுப் பணியாளர்களும் சிறுவர்களுங்கூட அனுமதி பெற்றே வர வேண்டும் என்று அவ்வசனம் பணிக்கிறது. வீட்டுக்குள் எந்நேரமும் நடமாடும் உரிமை பெற்றவர்களுக்கே மூன்று வேளைகளில் கதவு அடைக்கப்படுகிறது! நம் செல்போனுக்கு அடைக்கப்படும் வேளை எது? தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இஷாவுக்குப் பின்பும் கிடக்கிறது, பஜ்ருக்கு முன்பும் கிடக்கிறது.

இதற்கு வைக்கப்படும் வாதங்களில் முதலாவது, நீங்கள்தானே சம்மதம் என்று தொட்டீர்கள் என்பது. நாற்பது பக்க நிபந்தனையின் அடியில் இருக்கும் கட்டத்தை விரலால் தொட்டது சம்மதந்தானா? கொடுக்கல் வாங்கலில், பொருள் இன்னதென்று தெரியாமல் செய்யும் ஒப்பந்தத்தை நம் இமாம்கள் எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்பது தெரிந்ததே. அதை விட்டுவிடுவோம், அவர் படித்துப் பார்த்தே சம்மதித்தார் என்று வைத்துக்கொண்டாலும், அவர் சம்மதித்தது எதற்கு? வக்து தெரிந்துகொள்வதற்கு. ஒருவரிடம் நகையைப் பாதுகாக்கக் கொடுத்து வைக்கிறோம். அவர் அதை அடகு வைத்துப் பணம் வாங்கினால், நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்று அவர் சொல்ல முடியுமா? ‘வதீஆ’ என்னும் அமானிதப் பொருளை வாங்கியவர் சொந்தத்துக்குப் பயன்படுத்தினால் அந்தக் கணமே அவர் அமானிதக்காரர் என்ற நிலையை இழந்து, இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி ஆகிறார் என்பது சட்டம். பொருளுக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் இது உண்டு. ஒருவர் நம்மிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாலே அது அமானிதம் ஆகிவிடுகிறது என்ற கருத்துள்ள ஹதீஸை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்திருக்கிறார்கள். இதை யாரிடமும் சொல்லாதே என்று அவர் வாய்திறந்து கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பினார், அவ்வளவுதான். அதுவே நிபந்தனையாகிவிட்டது. செயலியில் இருப்பிடத்தைக் கொடுப்பவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே, ஏனென்றால் அங்கே இன்னொருவர் நிற்பதே அவருக்குத் தெரியாது.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் எந்த நோக்கத்துக்குக் கேட்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே செல்லும் என்கிறது. வாசகம் நன்றாகவே இருக்கிறது. அதே சட்டம், மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் வழி வைத்திருக்கிறது.

இரண்டாவது வாதம், நாம் தொடக்கத்தில் கேட்டது. அரசு வேவு பார்க்கவில்லை, சந்தையில் யாரும் வாங்கக்கூடிய பொருளை விலை கொடுத்து வாங்கியது என்கிறார்கள். இதன் உள்நோக்கம் புரிய வேண்டுமானால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வழங்கிய கார்பென்டர் வழக்குத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். கொள்ளை வழக்கு ஒன்றில் குற்றம் சாட்டப்பட்டவரின் செல்போன் 127 நாட்களில் எங்கெங்கே இருந்தது என்பதைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து காவல்துறை வாங்கியிருந்தது. மொத்தம் 12,898 இடக்குறிப்புகள்! நீதிபதியின் முறையான வாரண்டு இல்லாமல் இப்படிப் பெறுவது செல்லாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. கதவு அடைபட்டது. உடனே ஜன்னல் தேடினார்கள். தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டால்தானே வாரண்டு வேண்டும்? வியாபாரியிடம் வாங்கினால்? அமெரிக்க ராணுவத்தின் உளவு அமைப்பான டி.ஐ.ஏ. 2021 ஜனவரியில் ஒரு செனட்டருக்கு எழுத்து மூலம் பதில் கொடுத்தது. விலைக்குக் கிடைக்கும் இடவிவரத்துக்கு அத்தீர்ப்பின்படி வாரண்டு தேவை என்று தாங்கள் கருதவில்லை என்பதே அப்பதில்.

இங்கே ஹழ்ரத் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் வரலாற்றில் நிகழ்ந்ததாக நூல்களில் காணப்படும் ஒரு சம்பவம் நினைவுக்கு வராமல் இராது. இமாம் கஸ்ஸாலி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் இஹ்யாவில் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இரவில் மதீனாவின் வீதிகளில் வலம் வந்துகொண்டிருந்த கலீஃபா அவர்கள், ஒரு வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டுச் சுவரேறி உள்ளே இறங்கினார்கள். உள்ளே ஒருவர், பக்கத்தில் ஒரு பெண், மதுவும் இருந்தது. அல்லாஹ்வின் பகைவனே என்று கலீஃபா கோபித்தபோது அம்மனிதர் பதறாமல் பதில் சொன்னார். நான் செய்தது ஒரு பாவமென்றால் தாங்கள் செய்தவை மூன்று. துருவாதே என்றான் இறைவன், தாங்கள் துருவினீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியே வரச் சொன்னான், தாங்கள் சுவரேறி வந்தீர்கள். அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையச் சொன்னான், தாங்கள் இரண்டையும் செய்யவில்லை என்பது அவர் பதிலின் சாரம். கலீஃபா அவர்கள் அவரை மன்னித்துவிட்டு வெளியேறினார்கள்.

இச்சம்பவத்தை நம் மேடைகளில் கலீஃபாவின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அதில் சட்டம் ஒன்று இருக்கிறது. அம்மனிதர் குற்றமற்றவர் அல்லர். அவரிடம் மறைக்க வேண்டியது இருந்தது, மறைத்தும் வைத்திருந்தார். ஆயினும் அவருடைய பாவம் கலீஃபா சுவரேறியதை நியாயப்படுத்தவில்லை. கிடைத்தது உண்மையாக இருந்தும், கிடைத்த வழி தவறானதால் விடப்பட்டது. இதை வைத்துப் பார்த்தால் விலைக்கு வாங்குவது எங்கே நிற்கிறது? ஸஹாபியின் காலத்துச் சுவரை இன்றைய அரசு ஏறவில்லை என்பது மெய்தான். வேலைக்காரனிடம் சாவியை விலைக்கு வாங்கிக்கொண்டது. அவன் விற்றது அவனுக்குச் சொந்தமானதன்று; தனக்குச் சொந்தமில்லாததை விற்பவனிடம், அது தெரிந்தே வாங்குபவன் விலை கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குபவரைப் பற்றி நாம் என்ன சொல்வோமோ அதைத்தான் இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவிலேயே இதைத் தவறு என்று கண்டவர்கள் இல்லாமல் இல்லை. 2024 ஜனவரியில் அந்நாட்டின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி., எக்ஸ்-மோடும் அவுட்லாஜிக் என்று பெயர் மாறிய அதன் வாரிசு நிறுவனமும், மருத்துவமனை, வணக்கத்தலம் போன்ற இடங்களுக்குச் சென்றோரின் விவரங்களை விற்கக்கூடாது என்ற உத்தரவை அறிவித்தது. விற்பவனுக்குத் தடை வந்தது நல்லது. வாங்கிய அரசுத் துறைகளைப் பற்றி அந்த உத்தரவில் பேச்சில்லை.

மூன்றாவது வாதத்தை நாம் இலேசாக ஒதுக்க முடியாது. குண்டு வைக்க நினைப்பவனையும் நாட்டைக் காட்டிக் கொடுப்பவனையும் தேடாமல் அரசு எப்படி மக்களைக் காப்பாற்றும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் மார்க்கம் இதற்கு வாய்மூடி இருக்கவில்லை. மக்கா வெற்றிக்கு முன்னர் ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் குறைஷிகளுக்கு எழுதிய கடிதத்தை ஒரு பெண் கொண்டு போனபோது, நாயகம் (ஸல்) அவர்கள் ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களையும் உடன் சிலரையும் அனுப்பி, ரவ்ளா காக் என்ற இடத்தில் அவளை மறித்து அக்கடிதத்தைக் கைப்பற்றச் செய்தார்கள். அவள் மறுத்தபோது சோதனை செய்வோம் என்று எச்சரித்தார்கள். கூந்தலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் மாவர்தி (ரஹ்) அவர்களும், வெளியே தெரியாத பாவத்தை முஹ்தஸிப் என்னும் கண்காணிப்பு அதிகாரி துருவக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு விதிவிலக்கைக் குறிப்பிடுகிறார்கள். ஒருவன் இன்னொருவனைக் கொல்வதற்காகத் தனியிடத்துக்குக் கொண்டு போயிருக்கிறான் என்று நம்பத்தகுந்தவர் வந்து சொன்னால், உயிர் போன பிறகு மீட்க முடியாது என்பதால், அப்பொழுது அதிகாரி தேடிச் செல்லலாம்.

இவ்விரண்டையும் ஊன்றிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. செய்தி முதலில் வந்தது, தேடல் பிறகு நடந்தது. தேடப்பட்டவள் ஒரு பெண், தேடப்பட்டது ஒரு கடிதம், இடமும் தெரிந்த இடம். மதீனாவிலிருந்து வெளியேறும் பெண்கள் எல்லோருடைய கூந்தலையும் அவிழ்த்துப் பார்க்க யாரும் அனுப்பப்படவில்லை. இன்று விலைக்கு வாங்கப்படுவதோ எல்லோருடைய விவரமும். முதலில் எல்லோரையும் திரட்டிவிட்டு, அதற்குள் சந்தேகத்தைத் தேடுகிறார்கள். ஸூரத்துல் ஹுஜுராத் விலக்கிய அதே வரிசை, ஒரு படி மோசமாக!

அதன் பலன் என்னவாயிற்று என்பதற்கு நியூயார்க் நகரம் சான்று. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அந்நகரக் காவல்துறை முஸ்லிம்களின் பள்ளிவாசல்களிலும் தேநீர்க் கடைகளிலும் மாணவர் சங்கங்களிலும் ஆட்களை நுழைத்து அறிக்கை எழுதி வந்ததை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2011-இல் வெளிப்படுத்தியது. 2008-இல் மாணவர்கள் ஆற்றில் படகு விடப் போன உல்லாசப் பயணத்தில்கூட ஒரு ரகசியப் போலீஸ்காரர் உடன் போய், நாளுக்கு எத்தனை தடவை தொழுதார்கள் என்று குறிப்பெழுதியிருக்கிறார்! எத்தனை தடவை தொழுவார்கள் என்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். எந்த முஸ்லிமைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். கடைகளையும் தெருக்களையும் கணக்கெடுத்த தனிப்பிரிவின் வேலையால், தம் ஆறு ஆண்டுப் பொறுப்பில் பயங்கரவாத விசாரணை ஒன்றுகூடத் தொடங்கியதில்லை என்று அத்துறையின் உளவுப் பிரிவுத் தலைவரே 2012-இல் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். 2014-இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது.

ஆனால் அதனால் விளைந்தது இல்லாமல் போகவில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையில், மாணவர்கள் தங்களுக்குள் அரசியல் பேசவே அஞ்சினார்கள் என்றும், பள்ளிக்குப் புதிதாக வருபவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்றும் பதிவாகியிருக்கிறது. இஸ்லாத்தைத் தழுவிப் புதிதாக வரும் சகோதரர் ஒருவர் முன் வரிசையில் வந்து நிற்கிறார். இவர் யாரோ, எவர் அனுப்பினாரோ என்று பக்கத்தில் நிற்பவர் நினைக்கிறார். தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டிய ஸஃப்பில் இந்த நினைப்பு புகுந்தால் அந்த ஜமாஅத்தின் கதி என்ன? ஆட்சியாளர் மக்களிடம் சந்தேகத்தைத் தேடத் தொடங்கினால் அவர்களைக் கெடுத்துவிடுவார் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. கெட்ட மக்களைக் கண்டுபிடிப்பார் என்று அதில் இல்லை. கெடுத்துவிடுவார் என்றே இருக்கிறது.

ஜும்ஆவுக்குப் பின் பேச்சு இப்பக்கம் திரும்பினால், என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது ஹழ்ரத், பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்லும் நல்ல மனிதர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். மறைப்பவன் குற்றவாளி என்ற எண்ணம் எப்படியோ நம் மனத்தில் ஏறிவிட்டது. மறைக்கும்படி நமக்குக் கட்டளையிடப்பட்டவற்றில் பாவம் மட்டுமா இருக்கிறது? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் தர்மம் செய்பவருக்கு அர்ஷின் நிழல் வாக்களிக்கப்பட்டிருக்கிறது. தஹஜ்ஜுதை வீட்டின் இருட்டில் தொழுகிறோம். பக்கத்தில் உறங்குபவருக்கும் தெரியாமல் எழுகிறோம். இன்று சில செயலிகளில் எந்தத் தொழுகையைத் தொழுதோம், எதைத் தவறவிட்டோம், எத்தனை ஜுஸ்வு ஓதினோம் என்று குறித்துக்கொள்ளும் வசதி வைத்திருக்கிறார்கள். பெண்கள் தொழுகை விலக்கப்பட்ட நாட்களைக் குறிப்பதற்குங்கூட இடமுண்டு. ஒரு பெண் தன் தாயிடம்கூட வெட்கப்பட்டுச் சொல்லும் கணக்கு அது. தவறிய தொழுகை அடியானுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையிலுள்ள விவகாரம். களாச் செய்யவும் தவ்பாச் செய்யவும் அங்கே வழி திறந்திருக்கிறது. அந்தக் கணக்குப் புத்தகத்தை முன்பின் அறியாத ஒரு கம்பெனியின் கணினியில் எழுதி வைக்க நமக்கு என்ன வந்தது?

தவிரவும், மறைக்க ஒன்றுமில்லை என்பவர் தமக்காக மட்டும் பேசுகிறார். கணவனின் கொடுமைக்கு அஞ்சி வேறூரில் மறைந்து வாழும் பெண்ணுக்கு மறைக்க வேண்டியது இருக்கிறது. கடன்பட்டவருக்கு, நோயாளிக்கு, ஊரார் அறியாமல் உதவி பெறும் குடும்பத்துக்கு இருக்கிறது. எல்லோருடைய கதவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கையில், என் கதவு திறந்தே கிடக்கட்டும் என்பவர் அவர்களுடைய கதவையும் சேர்த்துத் திறக்கிறார். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இதை அறிய வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 1962-இல் கரக் சிங் வழக்கில், போலீசார் இரவில் வீடு புகுந்து பார்ப்பதைச் செல்லாது என்ற நீதிபதிகளில் பெரும்பாலோர், அந்தரங்கம் என்று தனி உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் சொன்னார்கள். அது உண்டு, அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

அரசையும் கம்பெனியையும் பேசும்போது நம் முற்றத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். நமக்கு ஒருவர் நம்பி அனுப்பிய செய்தியைப் படமெடுத்து வேறு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோமே, அது எந்த வகை? பள்ளிவாசலில் உண்டியல் திருட்டுக்கு அஞ்சிக் கேமரா வைப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. திருட்டுக்குத்தான் வைத்தோமென்றால், யார் பஜ்ருக்கு வருகிறார், யார் எந்த மூலையில் யாருடன் பேசினார் என்று நிர்வாகி தம் போனில் பார்த்துக்கொண்டிருப்பது எதற்கு? மேலே சொன்ன நோக்கத்தின் எல்லை இங்கேயும் எல்லைதான்.

இவற்றால் கருவியே ஹராம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். வக்தைக் கணிக்கக் கருவி செய்வதில் முஸ்லிம்களை விஞ்சியவர்கள் ஒரு காலத்தில் இல்லை. திமிஷ்க் நகரின் உமையா பள்ளியில் முவக்கித்தாக, அதாவது நேரம் கணிப்பவராக இருந்த இப்னுஷ் ஷாத்திர் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 773-இல், அதாவது கி.பி. 1371-72-இல், அப்பள்ளிக்கு அமைத்த நிழற்கடிகாரம் இன்றும் விஞ்ஞானிகளால் வியக்கப்படுகிறது. நம் சமுதாயத்தில் இன்று கணினி படித்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. கணக்கு முழுவதையும் போனுக்குள்ளேயே செய்து, ஊர்ப் பெயரைத் தவிர எதையும் கேட்காத ஒரு தொழுகைச் செயலியைச் செய்து தருவது அவர்களுக்குப் பெரிய காரியம் அன்று. அப்படிச் சில ஏற்கனவே இருக்கின்றன. விளம்பரம் இல்லாததால் பலருக்குத் தெரிவதில்லை.

அதுவரை, கையில் உள்ள செயலியை வைத்துக்கொள்ள விரும்புவோர் செய்யக்கூடியது இது. போனின் அமைப்புப் பகுதிக்குப் போய் அச்செயலிக்கு இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டு, ஊர்ப் பெயரைக் கையால் எழுதிக் கொடுக்கலாம். நேரம் சரியாகவே வரும். பயணத்தில் இருப்பிடம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பயன்படுத்தும்போது மட்டும் என்பதையும், துல்லியமான இடம் வேண்டாம் என்பதையும் தேர்ந்தெடுக்க இப்போதைய போன்களில் வழி இருக்கிறது. விளம்பர எண்ணை ஆண்ட்ராய்டு போனில் அழித்துவிடலாம். ஐபோனில், செயலிகள் நம்மைப் பின்தொடரக் கேட்கும்போது மறுத்துவிடலாம். செயலியே வேண்டாம் என்று முடிவு செய்பவர், நீக்குவதற்கு முன்னால் அதில் தம் பெயரில் உள்ள கணக்கை அழிக்கும்படி நிறுவனத்துக்கு எழுதிவிட வேண்டும். செயலியை மட்டும் நீக்கினால், முன்னர் சென்ற விவரங்கள் அவர்களிடமே தங்கிவிடும்.